கனவில் ஒலிக்காத மணி

அபிராமபுரம்
18.11.2024

அன்புள்ள ரங்கனுக்கு,

சாருலதாவின் பதின்மூன்றாம் நாள், எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்த பிறகு, நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "நீ குடுத்த மாத்திரையாலதானே அக்கா, நான் எழுந்துக்கலை?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "வேண்டாம். இனிமே ஃபோன்லயும் கூப்பிடாதே" என்று சொல்லி எழுந்து போனாய். பரிமாறிக்கொண்டிருந்தவர் பாயச வாளியோடு நடுவில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

உயிரியல் டீச்சராக நான் கண்டது ஒன்று உண்டு. கேள்வி கேட்டுப் பதில் கிடைக்காத பெண் அதன் பிறகு அந்த வகுப்பில் எதையும் கவனிக்க மாட்டாள். கரும்பலகையைப் பார்ப்பாள், ஆனால் எழுத மாட்டாள். நீ எட்டு மாதமாக அப்படித்தான் இருக்கிறாய் என்று தோன்றுகிறது. என் ஃபோனை நீ எடுப்பதில்லை, அதனால் தபாலில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த வரையில் நடந்ததைச் சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்து. சாருவின் நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே வந்தது. நீ அவள் கட்டில் பக்கத்திலேயே படுத்து, ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து, கடைசியில் பட்டப்பகலில் ஸ்கூட்டரில் தூங்கி விழப் பார்த்தாய். அப்போதுதான் என் பெண் அனன்யாவோடு நியூஜெர்ஸியில் இருந்துவிட்டு வரும்போது கொண்டுவந்த மெலடோனின் டப்பாவை உனக்குக் கொடுத்தேன். ஹாலில் போய்ப் படு என்று சொன்னதும் நான்தான். கூப்பிட அவளுக்கு மூச்சு போதாது என்பதால், கொலுப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பித்தளை மணியை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள். காலையில் நீ போய்ப் பார்த்தபோது மணி அவள் கையில் இருந்தது.

இதுவரை சரிதானே?

இனி எனக்குத் தெரியாதது. நீ இன்னும் அந்த மாத்திரையைப் போடுகிறாய், பகலிலும் போடுகிறாய் என்று உன் பிள்ளை சுஹாஸ் சொல்கிறான். "தூக்கத்துக்காக இல்லை அத்தை, கனவுக்காகன்னு சொல்றார்" என்று சொன்னான். அதைக் கேட்டுத்தான் போன மாதம் மழையில் நங்கநல்லூர் வந்தேன். உன் வீட்டுக் குருவி பெல்லை அழுத்தி அழுத்தி நின்றேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நீ திறக்கவில்லை. கொண்டுவந்த நார்த்தங்காயை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கோபம் இருக்கலாம் ரங்கா. மழையில் நிற்கிற அக்காவுக்குக் கதவைக்கூடத் திறக்காத கோபமா?

சூடாமணி

*

நங்கநல்லூர்
27.11.2024

அக்காவுக்கு,

நீ வந்ததே எனக்குத் தெரியாது. நார்த்தங்காயை மாடி வீட்டு மாமி வைத்தாள் என்று நினைத்துச் சாப்பிட்டேன். டிவி ஓடினால் முழித்திருக்கிறேன் என்று அர்த்தமில்லை. அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டேன். மாமி அதற்கும் சண்டைக்கு வருகிறாள்.

நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. சாரு போன பிறகு அவள் எல்லோர் கனவிலும் வந்தாள். அவள் தங்கை பெண் பூஜாவின் கனவில் வந்து புடவை மடித்துக் கொடுத்தாளாம். எதிர்வீட்டுக்காரர் கனவில் வந்து காப்பிப் பொடி கேட்டாளாம், அவர் அரைத்து வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். என் கனவில் மட்டும் வரவில்லை. அவள் போன அன்றே மாத்திரையைத் தூக்கிப் போட்டிருந்தேன். தூக்கமே இல்லாதவனுக்குக் கனவு எங்கிருந்து வரும்? சகிக்க முடியாமல் மறுபடி வாங்கிப் போட்டேன். அன்றைக்கே வந்தாள்.

கட்டிலில் உட்கார்ந்து மணியை ஆட்டுகிறாள். மணியின் நாக்கு இரண்டு பக்கமும் போய் இடிப்பது தெரிகிறது. அவள் வளையல் மேலும் கீழும் போவது தெரிகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. வருவதற்குள் முழித்துக்கொள்கிறேன். ஒரு மாத்திரைக்குக் கொஞ்ச நேரம் இருந்தாள். இரண்டு போட்டால் இன்னும் கொஞ்சம். இப்போது அதற்கும் மேலே போய்விட்டேன். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எழுந்து அவளிடம் போய்விடுவேன். அது வரைக்கும் விடப்போவதில்லை.

மற்றதெல்லாம் இருக்கட்டும். நான் கேட்டதற்குப் பதில் எழுது.

கஸ்தூரிரங்கன்

*

அபிராமபுரம்
4.12.2024

அன்புள்ள ரங்கனுக்கு,

பதில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மெலடோனின் நம் மூளைக்குள்ளேயே சுரப்பது. வெளிச்சம் போனதும் சுரந்து, இருட்டிவிட்டது என்று உடம்பு முழுக்கச் சொல்லும். அதன் வேலை அவ்வளவுதான். பஞ்சாங்கத்தை நினைத்துக்கொள். இன்று அமாவாசை என்று பஞ்சாங்கம் சொல்லும், ஆனால் உனக்காக உட்கார்ந்து தர்ப்பணம் பண்ணாது. மாத்திரையும் அப்படித்தான். ஆளை அடித்துப் போடுகிற தூக்க மருந்துகள் வேறு. இதைப் போட்டுக்கொண்டவரைப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் எழுந்துகொள்வார். இடி இடித்தாலும் தூங்குகிற தாய், குழந்தை சிணுங்கினால் எழுந்துகொள்வதில்லையா? தூங்குகிறவருக்கும் காது திறந்தேதான் இருக்கிறது.

கனவும் அப்படித்தான். இதைப் போட்டுக்கொண்டால் கனவு தெளிவாக வருவதாகச் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கனவு புதிதாக எதையும் கொண்டுவராது. நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற பொம்மையை வைத்துத்தானே கொலு வைக்க முடியும்? அந்தப் படியில் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பெட்டியில் இல்லாத பொம்மை வந்து உட்காராது.

இன்னொன்று. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க நீ மருந்து சாப்பிடுகிறாய். அதோடு இதை இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. உன் டாக்டரிடம் சொன்னாயா?

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: இல்லை. நீ எழுந்துகொள்ளாதது மாத்திரையால் இல்லை. இதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன்.

சூடாமணி

*

நங்கநல்லூர்
20.12.2024

அக்காவுக்கு,

நீ எழுதியதைச் சோதித்துப் பார்த்தேன். தாயம்மாவை உனக்குத் தெரியும். சாருவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், இப்போது எனக்குச் சமைத்துப் போடுகிறாள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறாள். மத்தியானம் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, ஹாலில் அதே இடத்தில் படுத்தேன். நான் நன்றாகத் தூங்கின பிறகு சாரு அறையில் நின்று கூப்பிட வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

"இன்னா சார் கூத்து இது? தூங்குற ஆள எழுப்பினா திட்டுவாங்க. நீ எழுப்பறதுக்குன்னே தூங்குறியே. உனுக்கு இன்னா ஆயிக்கினு கீது?" என்றாள். ஆனாலும் செய்தாள். "சார்" என்று ஒரு குரல்தான் கொடுத்தாள், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் எழுந்தேன். அதற்கு மறுநாள் கூட ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். அப்போதும் எழுந்தேன்.

ஆகவே நீ எழுதியது சரி. மாத்திரை மேல் தப்பில்லை.

அப்படியானால் மீதி என்ன இருக்கிறது என்று யோசித்தாயா? சாரு மணி அடித்திருக்கிறாள். என் காது திறந்தே இருந்திருக்கிறது. கேட்டுவிட்டு நான் திரும்பிப் படுத்திருக்கிறேன். அதற்கு முந்தின மாதங்களில் சில நாள், இவள் இருமல் கொஞ்சம் நிற்காதா என்று நினைத்தவன்தான் நான். அந்த நினைப்பு தூக்கத்தில் என்னைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கிறது.

எட்டு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டு இருந்தேன். காலையில் எழுந்ததும் திட்டுவேன், குளிக்கும்போது திட்டுவேன். அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அதையும் பிடுங்கிக்கொண்டாய். கணக்கு சரி. நூற்றுக்கு நூறு, டீச்சர்.

இன்னும் ஒரு மாத்திரை கூட்டிவிட்டேன். சத்தம் வரவில்லை.

ர.

*

அபிராமபுரம்
27.12.2024

ரங்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே சமையலறையில் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது. மார்கழிக் கச்சேரிக்கு அழைத்துப் போக சகினா வந்தாள். என்னோடு வேலை பார்த்தாளே, அந்த கெமிஸ்ட்ரி டீச்சர். என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என்னோடு உட்கார்ந்துவிட்டாள்.

கேள்விக்குச் சரியான விடையை எழுதுவதுதான் என் வேலை என்று நினைத்துவிட்டேன். கேட்பவன் அந்த விடையை எடுத்துக்கொண்டு எங்கே போவான் என்று பார்க்கவில்லை.

நான் எழுதியதைக் கிழித்துப் போடு. மாத்திரையால்தான் என்று வைத்துக்கொள். அதைக் கொடுத்தவள் நான், ஹாலில் படுக்கச் சொன்னவளும் நான். காலையிலும் திட்டு, குளிக்கும்போதும் திட்டு. எனக்குத் தாங்கும். உனக்கு இது தாங்காது.

நீ இதை ஏற்கமாட்டாய் என்று தெரியும். சின்ன வயதிலும் ஒரு கணக்கு ஒருமுறை சரியாக வந்துவிட்டால், அழித்து எழுத மாட்டாய்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன்னுடைய ஒரு நாளைப் பற்றி எழுது. கனவை விட்டுவிடு, பகலை எழுது. எழுந்திருப்பதில் தொடங்கி, யார் வருகிறார்கள், யார் திட்டுகிறார்கள், என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. சாரு இருந்த கடைசி வாரத்துப் பகல் எப்படி இருந்தது என்றும் எழுது. நீ உயிரோடு நடமாடுவது எனக்குக் காகிதத்திலாவது தெரிய வேண்டும்.

அக்கா

*

நங்கநல்லூர்
8.1.2025

அக்காவுக்கு,

பகல் என்று எழுத என்ன இருக்கிறது? கேட்டதால் எழுதுகிறேன்.

காலை தாயம்மாவின் வசவில் தொடங்கும். "பெல்லு அடிச்சி அடிச்சி விரலு தேஞ்சி பூட்ச்சி சார். உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளைத் தட்டுவாள். நான் அங்கேயே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருப்பேன். மாத்திரை மந்தம். போன வாரம் குக்கரை வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிப் போனாள். பக்கத்திலேயே நின்றேன், ஒரு விசிலும் வரவில்லை. பருப்பு கரியாகிவிட்டது. அவள் வந்து பார்த்துவிட்டு, "விசிலு தெருமுனை வரிக்கும் கேட்டுச்சி. நீ நின்னுக்கினே கனவு காணுறியா நைனா?" என்றாள். அதற்கும் மாத்திரைதான் காரணம். வேறு என்ன?

ஆஞ்சநேயர் கோவிலுக்கு எப்போதாவது போகிறேன். சுஹாஸ் ஃபோனில் பேசினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால் சீக்கிரம் வைத்துவிடுகிறேன். குளியலறையில் ஒரு நாள் சாய்ந்துவிட்டேன். கையில் நீலமாகக் கன்றிப்போனது இன்னும் போகவில்லை.

கடைசி வாரத்தைக் கேட்டிருக்கிறாய். பகலில் சாரு மணியை ஆட்டினால் தாயம்மா ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்த்து நானும் ஓடுவேன். சாரு வெந்நீர் கேட்பாள், தலையணையை ஏற்றி வைக்கச் சொல்வாள். ஒரு நாள் நான் போய் நின்றதும் ஒன்றும் கேட்கவில்லை. "சும்மாதான் அடிச்சேன். வரேளான்னு பார்த்தேன்" என்றாள். சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

மணி பீரோவில் அவள் ரவிக்கைத் துணியில் சுற்றி இருக்கிறது. அன்றையிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. தொட விடவும் மாட்டேன்.

வருஷத் திதி மாசியில் வருகிறது. அதற்குள் கனவில் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

ரங்கன்

*

அபிராமபுரம்
16.1.2025

அன்புள்ள ரங்கனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. விடைத்தாளைப் படிப்பதுபோல் திரும்பத் திரும்பப் படித்தேன். நல்ல பிள்ளைகள் சில பேர் விடையை எழுதியிருப்பார்கள், ஆனால் எழுதினோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஓரத்தில், அடித்துப் போட்ட வரியில், அது இருக்கும்.

என் வீட்டில் இருப்பதும் உன் வீட்டுக் குருவி பெல் போன்றதுதான். கீச்சென்று கத்தும். தாயம்மா அதை அடிக்கும்போது நீ தூங்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாய். நான் மழையில் நின்று அடித்தபோதும் அப்படித்தான் இருந்திருப்பாய். நீ கதவைத் திறக்காததற்கு நான் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குக்கர் விசில் தெருமுனைக்குக் கேட்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற உனக்கு வரவில்லை. ஆனால் தாயம்மா "சார்" என்றால் மாத்திரை போட்ட தூக்கத்திலும் எழுந்துகொள்கிறாய். தாயம்மாவின் குரல் கனமானது. விசிலும் குருவியும் உச்சத்தில் கீச்சிடுபவை.

அனல்மின் நிலையத்தில் டர்பைனுக்குப் பக்கத்திலேயே உன் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. பேரிரைச்சலில் வாழ்ந்த காதில் முதலில் உதிர்வது கூர்மையான கீச்சுச் சத்தங்கள்தான். கனத்த குரல் கடைசி வரை கேட்கும். அதனால் காது போய்க்கொண்டிருப்பது அந்த ஆளுக்கே தெரியாது. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பாடமாக இதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். தம்பியிடம் பார்க்கத் தெரியவில்லை.

அந்த மணியை வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன். நவராத்திரிக்கு முன்னால், வடக்கு மாட வீதியில், கொலு பொம்மைக் கடை. சாரு அதை எடுத்து ஆட்டினாள். நீ பைகளோடு கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றாய். இன்னொரு முறை ஆட்டினாள். பக்கத்துக் கடைக்காரர் திரும்பினார், நீ திரும்பவில்லை. "பாருங்கோ அக்கா, நான் கூப்பிட்டாத்தான் இந்த மனுஷன் திரும்பறதில்லைன்னு பார்த்தேன். மணி அடிச்சாலும் திரும்பலை. ஆத்துல இதை சாமிக்கு வெச்சுக்க வேண்டியதுதான்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அதை வாங்கினோம்.

கடைசி வாரத்தில் பகலில் மணி கேட்டு நீ ஓடியதாக எழுதவில்லை. தாயம்மா ஓடுவதைப் பார்த்து ஓடியதாக எழுதியிருக்கிறாய். அவள் வீட்டுக்குப் போன பிறகு, நீ பார்த்து ஓடுவதற்கு வீட்டில் யாரும் இல்லை.

கனவில் சத்தம் வராதது ஏன் என்பதற்கும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கொலுவைப் பற்றி எழுதினேனே, அதுதான். அவள் கை உன்னிடம் இருக்கிறது, வளையல் இருக்கிறது, மணியின் நாக்கு ஆடுவது இருக்கிறது. அந்தச் சத்தம் ஒருநாளும் உன்னிடம் வந்து சேரவில்லை. பெட்டியில் இல்லாததை எத்தனை மாத்திரை போட்டாலும் எடுத்து வைக்க முடியாது.

போன முறை சந்தேகமில்லாமல் எழுதி உன்னைக் குழியில் தள்ளினேன். இந்த முறை தீர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை. நீயே பார். ஒருவேளை அந்த மணி உனக்குக் கேட்டுவிட்டால்? கேட்டால் அதையும் மறைக்காமல் எழுது. நான் வந்து உன்னோடு இருப்பேன். இரண்டு பேருமாக அதைச் சுமக்கலாம். கேட்காவிட்டாலும் துக்கம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாரு மணியை ஆட்டினாள், யாரும் வரவில்லை. அது அப்படியே இருக்கும். அதை என்னாலும் மாற்ற முடியாது, உன் டப்பாவில் மிச்சம் இருப்பதாலும் மாற்ற முடியாது. ஆனால் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தவன் என்று நீ எழுதினாயே, அந்த ஆள் உண்மையில் இருந்தானா என்பது மட்டும் தெரிந்துவிடும்.

கையில் நீலமாகக் கன்றியதைப் பற்றி சுஹாஸிடம் சொல்லிவிட்டேன். உன் டாக்டரைப் பார்க்க அவன் நேரம் வாங்கியிருக்கிறான். அங்கே மாத்திரையைப் பற்றியும் காதைப் பற்றியும் சொல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். குருவி பெல்லை அழுத்த மாட்டேன், கதவை உள்ளங்கையால் தட்டுவேன்.

அதற்கு முன்னால் ஒன்று செய். முதல் நாள் மாத்திரை எதுவும் போடாதே. மறுநாள் காலை, நன்றாக விடிந்து காப்பி குடித்த பிறகு, டிவியை அணைத்துவிட்டு, ஹாலில் நீ படுத்திருந்த இடத்தில் அறைக்கு முதுகு காட்டி உட்கார். பீரோவிலிருந்து மணியை எடுத்துத் தாயம்மாவிடம் கொடு. சாருவின் கட்டிலில் உட்கார்ந்து, உன்னிடம் சொல்லாமல், அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் ஆட்டச் சொல். காதில் விழுந்தால் கையைத் தூக்கு.